கடல் இருந்த தெரு

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் வரும்போது ஒரு காலைப் பொழுதை தெலுக் ஆயர் மரபு நடைக்கென்று ஒதுக்கி வையுங்கள். மொத்தமாக ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் நின்று நின்று கேட்டுப் போக இரண்டரை மணி நேரம் ஆகும்.

மலாயில் தெலுக் என்றால் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இந்தத் தெருதான் அந்தக் காலத்துக் கடற்கரை. 1879 முதல் வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்தார்கள். இப்போது ராபின்சன் சாலையும் சிசில் வீதியும் இருப்பது அந்த மண்ணின் மேல்தான். நடக்கத் தொடங்கும்போதே தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் கடல் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டி இதை முதலிலேயே சொல்லாமல் கட்டடம் கட்டடமாக ஆண்டுகளை ஒப்பித்துக்கொண்டு போனால், தர்காவும் சீனக் கோயிலும் பள்ளிவாசலும் ஏன் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன என்பது கடைசிவரை புரியாது. கப்பலில் வந்தவர்கள் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல, இறங்கிய இடத்திலேயே எழுப்பியவை அவை.

140ஆம் எண் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-30இல் கட்டியது. நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியதே தவிர, உள்ளே அடக்கம் கிடையாது. கீழ்த்தளத்தில் ஐரோப்பியத் தூண்களும் பெரிய வளைவுகளும், மேலே குட்டி வளைவுகளும் மினாராக்களும் இருக்கும். ஒட்டி நின்றால் கீழ்ப்பாதி மட்டும்தான் கண்ணில் படும். எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள்.

158ஆம் எண் தியன் ஹோக் கெங். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்கு 1839-42இல் கட்டிய கோயில். மரச்சட்டங்களை ஆணி அடிக்காமல், பொருத்து வெட்டிக் கோத்திருக்கிறார்கள். விதானத்தை அண்ணாந்து பார்த்தால் தாங்குகட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளுவை வாங்கித் தூணுக்கு இறக்குவது தெரியும். நம் ஊர்த் தச்சர்கள் பார்த்தால் அரை மணி நேரம் நகரமாட்டார்கள். வாசலின் இரும்புக் கம்பி வேலி மட்டும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. நிலைப்படி உயரம், அம்மா அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போகட்டும்.

192ஆம் எண் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் ஓலைக் குடிசையாக இருந்ததால் நம்மவர்கள் வைத்த பெயர் 'குச்சுப் பள்ளி'. 1850களில் செங்கல் கட்டடமான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

இதற்கப்புறம் பல குழுக்கள் ஆன் சியாங் குன்றின் படிகளில் ஏறும். அம்மாவின் முழங்காலுக்கு அது வேண்டாம். வந்த வழியே திரும்பி, கிராஸ் வீதி வழியாகச் சமதரையில் சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போய்விடலாம். அந்தக் கிராஸ் வீதியை முன்பு தமிழர்கள் 'பால்கடைச் சடக்கு' என்றார்கள். சடக்கு என்றால் இங்கத்துத் தமிழில் சாலை.

சவுத் பிரிட்ஜ் சாலையில் முதலில் வருவது ஜாமியா பள்ளிவாசல். அதன் வாசல் சாலையை ஒட்டி நேராக இருக்கும். தொழுகைக்கூடம் மட்டும் மக்கா திசைக்காகக் கோணலாகத் திரும்பியிருக்கும். உள்ளே போய்த் திரும்பி வாசலைப் பார்த்தால் அந்தச் சாய்வு தெரியும்.

கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, இங்கே செங்கல் சூளை போட்டவர், இந்தக் கோயிலை உருவாக்கினார். முதலில் ஒதுக்கிய இடம் தெலுக் ஆயரில்தான். கடலோரம் என்பதால் அங்கே வழிபாட்டுக்கு நல்ல தண்ணீர் இல்லை. அதனால்தான் கோயில் இங்கே வந்தது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்தது; இப்போது இருக்கும் கோபுரம் 1925இல் எழும்பியது. தண்ணீர்ப் பஞ்சத்தின் இன்னொரு அடையாளம் பக்கத்திலேயே இருக்கிறது: கிரேத்தா ஆயர் என்ற வட்டாரப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். மாட்டு வண்டியில்தான் தண்ணீர் வந்தது. எனக்கு இந்த நடையின் உயிர் இந்த இடம்தான்.

நேரம் முக்கியம். மாரியம்மன் கோயிலில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். 9 மணிக்குத் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் கிளம்பினால் சரியாக இருக்கும். 10 மணிக்குக் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்போம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், நண்பகலில் ஜும்மா தொழுகை. தோளும் முழங்காலும் மறையும் உடை, கழற்ற எளிதான செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கூடவே ஒரு ஜோடி காலுறை எடுத்து வையுங்கள். 11 மணிக்கு மேல் கோயில் முற்றத்தில் வெறுங்கால் சுடும்.

மழை வந்தால் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கலாம். 1822இல் ராஃபிள்ஸ் தந்த நகர அமைப்பு விதிப்படி வந்தது அது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வாசலுக்கு ஏற்றபடி தளம் போட்டதால் மட்டம் ஏறி இறங்கும். மேலே வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் தடுக்கும். நின்று பாருங்கள், பிறகு நடங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் உள்ள குழுவும் இந்தப் பாதைக்கு ஆகாது. பின்னால் வருபவருக்கு ஒன்றும் கேட்காது. காசு வாங்கும் வழிகாட்டி என்றால் பயணத்துறைக் கழகத்தின் உரிம அட்டை வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்தே பதிவு செய்கிறேன்.

உங்களுக்காக மறுநாள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கும் போவோம். இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1861இல் முடிந்தது. சுவருக்கு நம் மதராஸ் சுண்ணாம்பு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். தாத்தா வீட்டுச் சுவருக்கு என்ன சேர்த்தார்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்