மூர்த்திக்கு, எகிப்து போய் வந்த பிறகு

அன்புள்ள மூர்த்தி,

நாங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் உன் கடிதம் வந்திருக்கிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் வசந்தாவுக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

எகிப்து எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். பிரமிடு பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. படத்தில் பார்க்கிற அதேதான். ஆனால் அடியில் போய் நின்றால் ஒவ்வொரு கல்லும் இடுப்பு உயரம். வசந்தா முழங்காலை நினைத்து வெளியே இருந்துவிட்டாள். நான் குனிந்துகொண்டே ஏறி, தெற்கே இருக்கும் அஸ்வானிலிருந்து நைல் வழியாகப் படகில் வந்த கிரானைட் கல்லால் கட்டிய அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே மூடியில்லாத கல்பெட்டி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. கெய்ரோவில் இரண்டாம் ராம்செஸ் மன்னரின் உடலையும் பார்த்தோம். அவருடைய மூக்குத் துவாரங்களில் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள், தெரியுமா? 3,200 வருஷத்துக்கு முந்திய சங்கதி. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்துச் சரக்கு. கைடு இதைச் சொன்னதும் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உனக்கு நான் விரிவாகச் சொல்ல வேண்டியது அதே ராம்செஸ் கட்டிய அபு சிம்பல் கோயில் பற்றித்தான். அஸ்வானிலிருந்து தெற்கே பாலைவனத்தில் 280 கிலோமீட்டர். விடியுமுன்பே பஸ் ஏறினோம். எங்கள் கைடு நூபியர், அந்தப் பக்கத்துக்காரர், தொல்லியல் படித்து அரசு உரிமம் வாங்கியவர். கோயிலுக்குள் கைடுகள் பேசக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் வெளியே நிழலில் உட்காரவைத்து, கையில் பழைய படங்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்.

1960இல் அஸ்வான் உயர் அணையைத் தொடங்கினார்கள். முழுக்கொள்ளளவு சுமார் 5,700 டி.எம்.சி. மேட்டூர் 93.47. நீயே வகுத்துப் பார். அந்தத் தண்ணீருக்குள் போகவிருந்த கோயிலைத்தான் 1964 முதல் 1968 வரை, யுனெஸ்கோ திரட்டிய உதவியோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலேயும் 200 மீட்டர் பின்னாலேயும் கொண்டுபோய் மறுபடி வைத்திருக்கிறார்கள். ஏரி ஏறிக்கொண்டே இருந்ததால் முதலில் தண்ணீரைத் தடுக்கச் சுற்றி ஒரு தற்காலிக அணை (காஃபர் டேம்). மேலே பாறையை வெட்டும்போது சில்லு விழுந்து சிலைகள் கெடாமல் இருக்க முகப்பு முழுவதையும் மணலால் மூடியிருக்கிறார்கள். மணற்கல் உதிராமல் இருக்கப் பிசின் ஏற்றி, சிலை முகப்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் அறுப்பு நிற்கும்படி கைவாளால் அறுத்திருக்கிறார்கள். புது இடத்தில் பின்னால் தெரிகிற மலையே செயற்கை. அதற்குள் கான்கிரீட் குவிமாடம் ஒன்று பாரத்தைத் தாங்கி நிற்கிறது.

வாசலில் உட்கார்ந்திருக்கும் நான்கு ராம்செஸ் சிலைகளும் 20 மீட்டர் உயரம். கைடு சுட்டிக்காட்டிய பிறகுதான் முகத்தருகே பென்சில் கோடு போல இணைப்பு கண்ணில் பட்டது. இரண்டாவது சிலையின் மேல்பாதி பழங்காலத்திலேயே நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. அந்தத் தலையும் தோளும் கீழே தரையில் கிடக்கின்றன. இடம் மாற்றியபோது அவற்றைத் தூக்கிப் பொருத்தவில்லை. கீழே எப்படிக் கிடந்ததோ மேலேயும் அப்படியே கிடத்தியிருக்கிறார்கள். நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன், மூர்த்தி. விழுந்ததையும் விழுந்தபடியே காப்பாற்ற வேண்டும் என்று யாரோ ஒரு இன்ஜினியர் அளவெடுத்திருக்கிறார் அல்லவா, அந்த மனசு பெரிது.

திரும்பும்போது வசந்தா கைடிடம் கேட்டாள்: "உங்கள் ஊர் எங்கே?" ஜன்னல் வழியாக ஏரிப்பக்கம் கையைக் காட்டினார். எகிப்துப் பக்கத்தில் மட்டும் சுமார் 50,000 நூபியர்களை 1963-64இல் கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தியிருக்கிறார்கள். ஆற்றங்கரையிலேயே பேரீச்சை மரங்களோடு வாழ்ந்தவர்களுக்கு வரிசை வரிசையாக அரசாங்க வீடுகள். புறப்படுகிற நாளில் அவருடைய பாட்டி இடுகாட்டுக்குப் போய் எல்லாக் கல்லறைகளுக்கும் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாராம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களால் அப்புறம் வெகுநேரம் பேச முடியவில்லை. மறுநாள் அஸ்வானில் நூபிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். 1997இல் திறந்தது. கோயில்களை மீட்ட வரலாற்றோடு அந்த மக்களின் வாழ்க்கையையும் வைத்திருக்கிறார்கள். வசந்தாவுக்கு எகிப்தில் எல்லாவற்றையும் விடப் பிடித்தது அதுதான்.

மேட்டூரில் தண்ணீர் இறங்கும் வருஷங்களில் பண்ணவாடியில் தெரியும் நந்தியை நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம்! தங்கச்சியின் பாட்டி அந்த அணைக்குள் மூழ்கிப்போன நாயம்பாடிக்காரர் என்று சொல்வாயே. அணை வந்தபோது யார் யார் எங்கே போனார்கள், எதை எடுத்துப்போனார்கள், எதை விட்டுப்போனார்கள் என்று பாட்டி சொன்னதில் தங்கச்சிக்கு நினைவிருப்பதை எல்லாம் கேட்டு எழுதி வை. தாமதிக்காதே. தேதியும் வரிசையும் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பு. வசந்தா உட்கார்ந்து டைப் செய்து தருவதாகச் சொல்கிறாள்.

நீங்கள் இருவரும் போவதாக இருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள்; மற்ற மாதங்களில் அஸ்வான் வெயில் தாங்காது. பல டூர்க்காரர்கள் அபு சிம்பலைத் தனிக் கட்டணம் என்று பட்டியலுக்கு வெளியே வைத்திருப்பார்கள். அந்தப் பணத்தைக் கட்டிவிடு. நூபிய அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்