மலைச்சரிவுப் புதர்கள்

கேப் டவுன்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

வீட்டைச் சுற்றி என்ன மரம் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மரம் குறைவுதான் அப்பா. டேபிள் மலைச் சரிவில் பெரும்பாலும் இடுப்பளவுப் புதர்கள்தான். ஃபைன்போஸ் என்கிறார்கள். தூரத்தில் ஒரே சாம்பல் பச்சை. குனிந்து பார்த்தால் ஊசி இலையோடு எரிகா, கோரை மாதிரி ரெஸ்டியோ, தடித்த இலைப் புரோட்டியா, இடையிடையே கிழங்கிலிருந்து முளைக்கும் பூச்செடிகள். இந்தக் கேப் பகுதியில் சுமார் 9,000 தாவர இனங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு உலகில் வேறு இடமே கிடையாது. எரிகா மட்டுமே 600 வகைக்கு மேல்! இத்தனையும் சத்தில்லாத மணல் மண்ணில்.

எனக்குப் பிடித்தது எறும்பு வேலை. சில புரோட்டியா இனங்களின் விதை மேல் கொழுப்புச் சத்துள்ள மெல்லிய தோல் இருக்கும். அதற்காக எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும். தோலைத் தின்றுவிட்டு விதையை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிடும். எலிக்கும் தப்பியது, தீக்கும் தப்பியது. வெளியிலிருந்து வந்து பரவிய அர்ஜென்டினா எறும்பு தோலை மேலேயே தின்றுவிட்டுப் போய்விடுகிறது, விதை புதைவதில்லை. இவ்வளவு சின்ன மாற்றத்தில் ஒரு செடியே அந்த இடத்தை விட்டுப் போய்விடக்கூடும்.

தீ என்றதும் அம்மா பயப்படுவாள். வீடுகளுக்கு அது ஆபத்துதான், ஆனால் புதருக்குத் தீ வேண்டும். பத்து இருபது வருடத்துக்கு ஒருமுறை எரிந்தால்தான் பல விதைகள் முளைக்கும். சிலவற்றுக்குப் புகை பட்டாலே போதும். அடிக்கடி எரிந்தால்தான் கெடுதல், விதை வைக்கும் வயது வருவதற்குள் செடி செத்துப்போகும்.

அப்புறம், வெளியிலிருந்து வந்து இந்தப் புதர்களுக்கு நடுவே பரவிய பைன் மரமும் ஆஸ்திரேலிய வேல மரங்களும். பச்சையாகத்தான் இருக்கின்றன, ஆனால் அடியில் வேறு எதையும் வாழ விடுவதில்லை. தண்ணீரையும் நிறைய உறிஞ்சுகின்றன. 2018-இல் இந்த நகரத்தின் குழாய்களே வற்றிவிடும் நிலை வந்தது. அணைகளுக்கு மேலே இருக்கும் மலைகளில் இவற்றை வெட்டுவதை இப்போது தண்ணீரைக் காக்கும் வேலையாகவே நடத்துகிறார்கள். விடுமுறை நாட்களில் நானும் இவற்றின் கன்றுகளைப் பிடுங்கப் போகிறேன். வேரோடு வர வேண்டும், இல்லாவிட்டால் சில வகை மறுபடி துளிர்த்துவிடும்.

மரம் நடுவது நல்லது என்று நீங்கள் சொல்லித்தான் வளர்ந்தேன். இந்தச் சரிவில் மட்டும் நடக்கூடாது அப்பா. ஆகஸ்டில் பூ நிறைய இருக்கும், படம் அனுப்புகிறேன். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்