தண்ணீரில் வளர்ந்த செடியை மண்ணுக்கு மாற்றுவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் கடைக்கு வரும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. "மண்ணில்லாமல் உரக் கரைசல் பெட்டியில் வளர்த்த தக்காளி விளக்கை முட்டுகிறது. பட்டம் தொடங்கிவிட்டதே, மாடியில் மண்ணில் நட்டுவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். தாராளமாக நடலாம். ஆனால் நட்ட சில நாட்களில் அதே வீட்டிலிருந்து "செடி துவண்டுவிட்டது, மண்கலவை சரியில்லை போலிருக்கிறது" என்று இன்னொரு அழைப்பும் வருகிறது. தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இந்த மடலில் சேர்த்து எழுதுகிறோம்.

பழியை மண் சுமக்கிறது. ஆனால் தொல்லை பெரும்பாலும் இலையில்தான் தொடங்குகிறது. வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 லக்ஸ். மொட்டைமாடியின் உச்சிவெயில் 1,00,000 லக்ஸைத் தொடும். நிழலிலும் அசையாத காற்றிலும் வளர்ந்த இலையின் மேல் மெழுகுப்பூச்சு மெல்லியது. வெளியே வந்ததும் அந்த இலை ஈரத்தை வேகமாக இழக்கும். வேரோ, வேண்டிய தண்ணீர் காலடியிலேயே கிடைத்துவந்ததால், மண்துகளைப் பற்றி உறிஞ்சும் தூவிகளை அதிகம் வளர்த்துக்கொள்ளாதது. மேலே செலவு கூடும் அதே நாளில் கீழே வரவு குறைகிறது. இரண்டு அதிர்ச்சியையும் ஒன்றாகக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே முதலில் இலையைப் பழக்குங்கள், வேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செடியைக் கரைசலோடு அப்படியே வெளியே கொண்டுபோய் வையுங்கள். சிறிய பெட்டி என்றால் பெட்டியோடு தூக்கலாம். குழாய் அமைப்பு வைத்திருப்பவர்கள் செடி நிற்கும் நெட் பாட்டை (துளைகளுள்ள சிறு கிண்ணம்) மட்டும் எடுத்து, அதே கரைசல் நிரப்பிய சிறு வாளியில் உட்கார வைக்கலாம். வாளிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், தண்ணீர் சூடேறினால் வேர் அழுகும். எனவே வாளியைக் கெட்டியான துணியால் சுற்றி நிழலில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் போதும். பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுநாளும் வெளியே விடலாம். 50 சதவீத நிழல்வலை இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் பழைய வெள்ளை வேட்டி போதும். இதற்காக எங்களிடம் வலை வாங்க வேண்டியதில்லை.

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் வெயிலைவிடக் காற்றுக்கு அஞ்ச வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, ஒரே பிற்பகலில் இளந்தண்டை முறித்துவிடும். கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்து, நடும்போதே குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆடியிலும் கோடைதான். அக்னி நட்சத்திரத்துக்கு எடுத்த அதே எச்சரிக்கையை எடுங்கள்.

இனி மண். செம்மண், நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் ஏறத்தாழச் சம அளவு. ஒரு செடிப்பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. களிமண்ணாக இறுகும் கலவை வேண்டாம். தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும் என்பதால் விரித்துப் பிரித்து நட முயலாதீர்கள். வேர் நெட் பாட்டோடு பின்னிக்கொண்டிருந்தால் இழுக்காமல் பாட்டை வெட்டி எடுங்கள். விதை ஊன்றிய ஸ்பாஞ்சோ ராக் வூலோ (பாறை இழைப் பஞ்சு) வேரோடு இருக்கட்டும். ஆனால் அதன் மேல்முனை மண்ணுக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் வேரடி ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். மாலையில் நடுங்கள். குழியில் செடியைப் பிடித்துக்கொண்டு, மண்ணையும் தண்ணீரையும் மாறி மாறி விட்டால் மண் தானாக இடுக்குகளில் இறங்கும். காலால் மிதிப்பதும் கையால் அழுத்துவதும் வேண்டாம். தக்காளியைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகவே புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்.

முதல் வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சேறாகவும் விடாதீர்கள். அதன்பின் மேல்மண் உலர உலர ஊற்றினால் வேர் தண்ணீரைத் தேடி இறங்கும். பெட்டிக்கு ஊற்றிய ஏ, பி உரக் கரைசலை முழுச் செறிவில் ஊற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெட்டியில் பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிது நிரப்பினோம். பையில் உப்பு தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். கால்பங்கு செறிவில் வாரம் ஒருமுறை, அதுவும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும்.

எல்லாச் செடியையும் மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. லெட்யூஸை அறுத்துச் சாப்பிட்டுவிடுங்கள். நம் வெயிலில் அது பூந்தண்டு விட்டுக் கசந்துபோகும். கீரைக்கு இவ்வளவு பாடு வீண். பையில் விதை தூவினால் ஒரு மாதத்துக்குள் கிள்ளலாம். புதினா, துளசி இவற்றில் தாய்ச்செடியைத் தொடாமல் ஒரு கிளையை நறுக்கி மண்ணில் ஊன்றுங்கள். அந்த வேர் முதல் நாளிலிருந்தே மண்வேராக வளரும். தக்காளியின் பக்கக்கிளையும் அப்படியே வேர் பிடிக்கும். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றுக்கும் மேலே சொன்ன உழைப்பு தகும்.

மாற்று நாற்று கேட்டு எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதியம் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்கு ஆபத்தில்லை. பழைய இலைகள் வெளுப்பதும் உதிர்வதும் கணக்கில் வராது. அவை விளக்கொளிக்குப் பழகியவை. நட்ட பத்தாம் நாள் குருத்து புதிதாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரியவில்லை என்றால் குருத்து, தண்டின் அடிப்பகுதி, பையின் வடிகால் துளை மூன்றையும் படமெடுத்து, நாற்று வாங்கிய ரசீது எண்ணோடு கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, நாற்றில் குறை என்றால் புதியது தருகிறோம்.

அன்புடன்,
கடையின் நாற்றுப் பிரிவிலிருந்து