நீ தின்ற பக்கம்

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நல்லா இருக்கிறேன், முழங்கால் மட்டும் வழக்கம்போல. வியாழக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பாப்பா போனைப் பிடுங்கித் தன் புதுச் செருப்பைக் காட்டினாள், அப்புறம் ஃபேனைக் காட்டினாள், அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. அதனால்தான் கடிதம். பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

"ராத்திரி புத்தகத்தை எடுத்தா ரெண்டு பக்கம்கூட உட்கார மாட்டேங்கிறா. பின்னாடி திருப்புறா, மூடுறா, மறுபடி அதே பூனைப் புத்தகத்தைத் தூக்கிட்டு வர்றா. ஜூன்ல எல்கேஜி. இன்னும் அ, ஆ தெரியல. நீ அத்தனை வருஷம் பால்வாடி டீச்சரா இருந்தவ, என்ன செய்யலாம் சொல்லும்மா" என்று கேட்டாய்.

பொங்கலுக்குப் பெங்களூருக்கு வந்திருந்தபோது நீ அவளுக்குப் படித்துக் காட்டியதை அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மருமகள் முன்னால் சொல்ல வேண்டாமே என்று வாயைத் திறக்கவில்லை. "இது என்ன?" என்றாய். "பூனை" என்றாள். "என்ன கலர்?" என்றாய். சொன்னாள். "எத்தனை குட்டி, எண்ணு பார்ப்போம்" என்றாய். மூன்று வரை எண்ணிவிட்டு உன் மடியிலிருந்து வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். வண்டியை நிறுத்தி லைசென்ஸ் இருக்கா, ஆர்.சி. புக் இருக்கா என்று கேட்டால் யார்தான் நிற்பார்கள்?

இதற்கு நடுவில் அவள் விரல் எங்கே இருந்தது என்று நீ பார்க்கவில்லை. பூனையில் இல்லை. அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு டம்ளர் கவிழ்ந்து கிடக்கும், அதில் இருந்தது. யார் அதைத் தட்டிவிட்டது, பால் கொட்டியதற்கு யாருக்கு அடி விழப்போகிறது என்பதுதான் அவளுக்கு அன்றைய கதை. நீ பூனையின் கலரைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அடுத்த தடவை பக்கத்தைத் திருப்பியதும் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணு. அவள் ஏதாவது சொல்வாள், இல்லாவிட்டால் எதையாவது தொடுவாள். அந்த இடத்திலிருந்து ஆரம்பி. "டம்ளர்" என்றாளா, "ஆமா, பால் டம்ளர் கவுந்து போச்சு, ஐயோ, இனி என்ன ஆகும்?" என்று அவள் வார்த்தையோடு நீ இரண்டைச் சேர்த்துத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான் வேலை. கதை முடியாமல் போனால் போகட்டும், புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் இதையே பெரிய ஆராய்ச்சியாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988-ல் வெளியிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பாதிப் பேருக்கு, பிள்ளையைப் பேசவிட்டு, அது சொன்னதை நீட்டிச் சொல்லி, அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மறுபாதி அவரவர் வழக்கப்படி படித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் கூட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் பல மாதம் முன்னால் போய்விட்டார்களாம். எனக்கு என் அம்மாச்சி ஞாபகம் வந்தது. அவர் கதை சொன்னால் நாம் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும், ராஜா குதிரை மேலேயே விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அம்மாச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

சரி, என்னை ரொம்பப் பெரியவளாக நினைக்காதே. என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

1987-ல் நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் சென்டருக்குப் படப் புத்தகங்கள் வந்தன. வழவழ தாள், கலர் படம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றினேன், முதல் பக்கத்தில் சீல் குத்தினேன், மர அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிள்ளைகள் கிழித்துவிட்டால் ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்ற பயம். உண்மையில் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை, அது நானே வளர்த்துக்கொண்ட பயம். மூன்று வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் திறந்து பார்த்தால், எல்லாவற்றையும் கரையான் படித்து முடித்திருந்தது. நாற்பது பிள்ளைகள் அந்த அலமாரிக்கு முன்னால் பாய் விரித்துத் தூங்கி எழுந்து போயிருந்தார்கள், ஒரு படம்கூடப் பார்க்காமல்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பாதான் மறுநாள் சிவகாசி அச்சாபீசிலிருந்து ஒரு கட்டு வேஸ்ட் ஷீட் கொண்டுவந்தார். காலண்டர் படங்கள், வெட்டாத தீப்பெட்டி லேபிள் தாள்கள். சேவல், கப்பல், சாவி, மான். பழைய ரிஜிஸ்டர் அட்டையில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, கோணூசியால் சணல் கோத்துத் தைத்துக் கொடுத்தார். அதை நான் பூட்டவில்லை, பாயில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும், சேவல் பக்கத்தை விரித்து, "இது எங்கம்மா ஒட்டுற சேவல்" என்றது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவர்கள். விடிவதற்கு முன்னால் வண்டி ஏறிப் போன அம்மா அந்தப் பக்கத்துக்குள் இருந்தாள். அடுத்த பிள்ளை, "எங்கம்மா கப்பல்" என்றது. அப்புறம் எங்கே நான் பாடம் நடத்துவது? மத்தியானச் சாப்பாடு வரைக்கும் யார் அம்மா எந்தப் படம் ஒட்டுவாள், பசை எப்படி நாறும், வண்டி டிரைவர் எப்படி ஹார்ன் அடிப்பார் என்று அதுதான் ஓடியது. எழுத்தே இல்லாத புத்தகம். ஆறு மாதத்தில் கந்தலாகி, அப்பா இன்னொன்று தைத்தார்.

பாப்பாவுக்கும் அப்படி ஒன்று செய்து கொடேன். நந்தினி பால் கவர், பஸ் டிக்கெட், உங்கள் தெருவின் இளநீர்க்காரர் போட்டோ, அவளுடைய பழைய செருப்பின் போட்டோ. நீலப் பாக்கெட்டைப் பார்த்ததும் அவள் "நந்தினி" என்கிறாள், கவனித்திருக்கிறாயா? எழுத்தைக் கூட்டிச் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் கோடுகளுக்கு ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுவிட்டாள். படிப்பு அங்கேயிருந்துதான் கிளம்புகிறது. தமிழில் 247 எழுத்து இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் அதற்கென்று வருஷக்கணக்காக ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள். மூன்றரை வயதில் நீ அவசரப்படாதே. புத்தகத்தை நேராகப் பிடிக்க, ஒவ்வொரு தாளாகத் திருப்ப, படம் வேறு எழுத்து வேறு என்று பார்க்க, அடுத்து என்ன ஆகும் என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் என்னிடம் சொன்னதும் இதுதான். அ, ஆ எழுதத் தெரிந்து வந்த பிள்ளையைவிட, கதைக்குக் காது கொடுக்கத் தெரிந்து வந்த பிள்ளையோடு அவர்களுக்குப் பாடு குறைவு.

அதே பூனைப் புத்தகம் என்று அலுத்துக்கொண்டாய். உனக்குத்தான் அலுப்பு. அவளுக்கு முதல் தடவை பூனை மட்டும் தெரிந்தது, பத்தாம் தடவை டம்ளர் தெரிந்திருக்கிறது. நூறாவது தடவை என்ன தெரியும் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. அவளுக்கு மனப்பாடமான வரியில் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு நிறுத்து. அவள் போடுவாள். வேண்டுமென்றே தப்பாகப் படி, "பூனை பாலைக் குடித்துவிட்டு ஆபீசுக்குப் போனது" என்று. உன்னை அடிக்க வருவாள். கட்டிலுக்கு அடியில் போக மாட்டாள்.

இன்னொன்று கேட்டாய், புத்தகத்தில் இருக்கிறபடி படிக்கவா, நாம் பேசுகிற மாதிரி மாற்றிச் சொல்லவா என்று. நல்ல கேள்வி, நானே பல வருஷம் தடுமாறினேன். வீட்டில் "பசிக்குது" என்கிறோம், புத்தகத்தில் "பசிக்கிறது" என்று இருக்கிறது. பள்ளிக்கூடம் போனதும் பிள்ளை முட்டி நிற்கிற முதல் சுவர் அதுதான். தன் வீட்டு மொழி என்று நினைத்துப் போகிறது, அங்கே அது வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. நான் செய்தது இது. முதல் இரண்டு மூன்று தடவை நம் பேச்சிலேயே சொல்லுவேன். கதை பிடிபட்ட பிறகு புத்தகத்தில் உள்ளபடி படிப்பேன். பிள்ளைகள் ஒன்றும் குழம்பவில்லை. ஒரு நாள் நாலு வயதுப் பையன் ஒருவன் தட்டை நீட்டி, "ஆயாம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது" என்றான். ஆயாவுக்குச் சிரிப்பில் கரண்டி கை நழுவிவிட்டது. "நீ எந்த ஊரு கலெக்டருடா?" என்று கேட்டு ஒரு கரண்டி கூடவே போட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரம் எல்லாரும் மிகவும் பசிக்கிறது என்றே சொன்னார்கள்.

கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் கலந்து பேசுகிறாளே என்று மருமகள் கவலைப்பட்டாள். "பாட்டி, நாயி பந்து" என்று பாப்பா ஓடிவந்தபோது, நாய்க்கு ஏது பந்து என்று நான் சோபாவுக்கு அடியில் தேடியது உனக்குத் தெரியும். நாய் வந்துவிட்டது என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள் பிள்ளை. இதெல்லாம் தானாகப் பிரிந்துகொள்ளும். இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும், கன்னடத்தைக் கீழ்வீட்டு அஜ்ஜி பார்த்துக்கொள்வார். தமிழுக்கு அங்கே உங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை. உங்கள் ஊரில்தான் பிரதம் புக்ஸ் பதிப்பகம் இருக்கிறது, தமிழிலும் போடுகிறார்கள், விலையும் குறைவு. சென்னையில் 1996-ல் ஆரம்பித்த தூலிகா பதிப்பகத்தார் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷுமாகப் போடுகிறார்கள், மருமகளுக்கு அது வசதி. அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போ. பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். பஸ்ஸில் மாட்டிக்கொண்டால் சரி. வீட்டில் வேண்டாம், போன் கையில் இருந்தால் அவள் விரல் வேறு எதையோ தேடும், உன் விரலும்தான்.

நேரத்தை மாற்று. எட்டரை மணிக்கு நீ ஆபீஸிலிருந்து வந்து, அவளும் தூக்கத்தில், நீயும் தூக்கத்தில். காலையில் அவள் கக்கூஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிஷம் இருக்கிறதே, எங்கேயும் ஓட முடியாது. சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உனக்கு நான் அதிகம் படித்ததில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கத்திவிட்டு வந்து, உன்னிடம் "போய் விளையாடு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். உனக்குப் படித்தது அப்பா. மதுரையில் நியூ செஞ்சுரி கடையில் வாங்கிய ரஷ்யப் படப் புத்தகம், தமிழில், நம்ப முடியாத மலிவு விலை. சோவியத் 1991-ல் உடைந்தபின் அந்தப் புத்தகங்கள் வருவது நின்றுபோனது. அப்பா அதை அச்சு மிஷின்மேன் கண்ணால்தான் படிப்பார். முதலில் தாளைத் தடவுவார், மோந்து பார்ப்பார், "நாலு கலரும் எப்படி உட்கார்ந்திருக்கு பாரு, ஒரு இடத்தில்கூட ஒண்ணு மேல ஒண்ணு விலகலை" என்று உன்னிடம் சொல்வார். நீயும் மோந்து பார்ப்பாய். பனி என்றால் என்ன என்று நீ கேட்டதற்கு, ஐஸ் வண்டிக்காரர் சுரண்டிக் கொடுப்பாரே, அது ஊர் முழுக்கக் கொட்டிக் கிடந்தால் அதுதான் என்றார். நீ ரஷ்யாவுக்குப் போக வேண்டும் என்று அழுதாய்.

அந்தப் புத்தகம் பார்சலில் இருக்கிறது, டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. காராச்சேவைத் தனியாக இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், எண்ணெய் பட்டுவிடாமல் முதலில் அதை எடுத்து வெளியே வை. நடுவில் ஒரு தாள் இருக்காது. பத்து மாதத்தில் நீ கிழித்து வாயில் வைத்துக் கூழாக்கிவிட்டாய். நான் விரலை விட்டு எடுத்தது பாதி, உள்ளே போனது பாதி. மை வயிற்றுக்கு ஆகுமோ என்று அப்பா ராத்திரி முழுக்க உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அந்த இடம் வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார். ஒரு நாள் கரடி வரும், ஒரு நாள் சாத்தூர் ஸ்டேஷன் வரும், ஒரு நாள் நீயே வருவாய். உண்மையில் அதில் என்ன இருந்தது என்று எனக்கும் மறந்துவிட்டது. பாப்பா கேட்டால் நீ ஏதாவது சொல்லிக்கொள்.

பார்சல் கிடைத்ததும் ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா