எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்கேட் பாடி சமாளிக்கல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய ரெக்கார்டு பகுதியில அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோட 'எல்லா இன் பெர்லின்' ஆல்பம் பத்தி எழுதியிருந்தீங்க. தமிழ்ல யாராவது அதைப் பத்தி எழுத மாட்டாங்களான்னு ரொம்ப வருஷமா ஏங்கிட்டிருந்தவன் நான், பக்கத்தைப் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம். ஆனா நடுவுல ஒரு வரி, "பாடல் வரி மறந்துபோனதால் ஸ்கேட் பாடி சமாளித்தார், அதற்கே கிராமி கிடைத்தது"ன்னு (ஸ்கேட்னா வார்த்தை இல்லாம வெறும் அசைகளை வச்சு, வாத்தியம் மாதிரி குரல்லயே கற்பனையா பாடுறது). அதுக்கு மேல படிக்க மனசு வரல சார்.

ரெண்டு வேற வேற பாட்டை உங்க கட்டுரையாளர் ஒண்ணாக்கிட்டாரு. 1960 பிப்ரவரி 13, பெர்லின்ல டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கம். அன்னிக்கு வரி மறந்தது 'மேக் தி நைஃப்'ல. அங்க அவங்க சமாளிச்சது ஸ்கேட் பாடி இல்ல, அந்த நிமிஷத்துலயே புது வரி கட்டிப் பாடுறாங்க, அதே பாட்டை ஏற்கனவே பாடின பாபி டேரின் பேரையும் லூயி ஆம்ஸ்ட்ராங் பேரையும் வரிக்குள்ள கொண்டு வந்து, ஆம்ஸ்ட்ராங்கோட கரகர குரல்லயே கொஞ்சம் பாடிக்காட்டி, பாட்டை நாங்க பாழாக்கிட்டிருக்கோம்னு அதையும் மெட்டுல உக்கார வச்சு, ஒரு இடத்துலகூட தாளம் விடல.

ஸ்கேட் வர்றது அதுக்கு அடுத்த பாட்டு, 'ஹவ் ஹை தி மூன்'. அது மறந்து பாடினது இல்லவே இல்ல. 1946ல ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி பேண்டோட டூர் போய், ட்ரம்பெட்டும் சாக்ஸும் என்ன பண்ணுதோ அதைத் தொண்டையில கொண்டு வரப் பழகி, 1947லயே இந்தப் பாட்டை ஸ்கேட்டோட ரெக்கார்டு பண்ணினவங்க. பெர்லின்ல கிட்டத்தட்ட ஏழு நிமிஷம், கீழ அதே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) வரிசை 32 பார், அதாவது 32 தாளக் கட்டமா சுத்திச் சுத்தி வருது, மேல இவங்க எங்கெங்கயோ போறாங்க, அதே கார்டு மேல சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசிச்ச 'ஆர்னிதாலஜி' மெட்டு வந்து போகுது, கடைசியில 'ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்' வரியில புகைக்கு பதிலா வேர்வைன்னு மாத்திப் பாடி முடிக்கிறாங்க. இதுவா சமாளிப்பு?

நான் கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகள்ல கீபோர்டு வாசிச்சவன். பாடுறவங்களுக்கு சரணம் மறந்தா என்ன நடக்கும்னு பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன். மைக்கை ஜனங்க பக்கம் நீட்டுவாங்க, இல்லன்னா எங்க பக்கம் திரும்பி பிஜிஎம்மை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி கை காட்டுவாங்க. 'ஹவ் ஹை தி மூன்' கார்டையும் வீட்ல வாசிச்சுப் பாத்திருக்கேன், ஜி மேஜர்ல ஆரம்பிச்சு எஃப், அப்புறம் ஈ ஃப்ளாட்னு இடம் மாறிட்டே போகும், அந்த வேகத்துல விரலே திணறும். அந்தம்மா அதை வெறும் குரல்ல பண்ணியிருக்காங்க சார்.

உங்க பத்திரிகையில ஜாஸ்னாலே ஏதோ தற்செயலா நடந்ததாத்தான் எழுதுறீங்க. முன்னாடி ஆம்ஸ்ட்ராங் பத்தி எழுதினப்பவும், 1926ல 'ஹீபி ஜீபீஸ்' ரெக்கார்டிங்ல பாட்டுப் பேப்பர் கீழ விழுந்துச்சு, அதனால ஸ்கேட் பிறந்துச்சுன்னு போட்டீங்க. அதுக்கு முன்னாடியே ஸ்கேட் ரெக்கார்டுல இருக்குன்னு அப்பவே கடிதம் எழுதினேன், போடல, பரவாயில்ல. நம்ம வித்வான்கள் யாரையாவது இப்படி எழுதுவீங்களா? ஆலாபனை பாடினா சாகித்யம் மறந்துட்டாருன்னு எழுத உங்களுக்குக் கை வருமா? உழைப்பை எல்லாம் எடுத்துட்டு அதிர்ஷ்டத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது எனக்கு ரொம்ப வலிக்குது. 1934ல நியூயார்க் அப்போலோ தியேட்டர் மேடையில நின்ன பதினேழு வயசுப் பொண்ணு, பெர்லின் வர்றதுக்குள்ள கால் நூற்றாண்டு பாடியாச்சு.

இன்னொண்ணு, அரைப் பக்கம் போட்டோ போட இடம் இருந்துச்சு, கூட வாசிச்சவங்க பேர் ஒண்ணுகூட இல்ல. பியானோ பால் ஸ்மித், கிடார் ஜிம் ஹால், பேஸ் வில்ஃப்ரெட் மிடில்புரூக்ஸ், டிரம்ஸ் கஸ் ஜான்சன். வரி மறந்த நேரத்துல அவங்களைத் தாங்கிப் பிடிச்சது இந்த நாலு பேர்தான்.

அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தம் போடுங்க, மறந்தது எந்தப் பாட்டு, ஸ்கேட் எந்தப் பாட்டுன்னு. இந்த நாலு பேரையும் சேர்த்துப் போடுங்க. கடிதம் நீளம்னா மத்ததை எல்லாம் வெட்டிக்கோங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்