தீபாவளி விடுமுறையில் துருவ ஒளி பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் நோர்வேயின் வடபகுதி பற்றி வந்த கட்டுரை, "டிசம்பரில் போங்கள், இரவு நீளம் என்பதால் துருவ ஒளி நிச்சயம்" என்று சொல்கிறது. வடதுருவத்தை ஒட்டிய இரவு வானில் பச்சையாய் ஆடும் அந்த ஒளியைப் பார்க்கக் கடன்பட்டுக்கூடக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாந்து திரும்பக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இரவின் நீளம் இங்கே ஒரு பிரச்சினையே அல்ல. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது முகில்.

வடநோர்வேயில் நான் இருக்கும் ட்ரொம்சோ நகரம் 69.6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலேயே இரவு ஒன்பது மணிக்கு வானம் போதுமான அளவு இருட்டிவிடும். அதன்பின் பகல் நாளொன்றுக்குப் பத்து நிமிடமளவில் குறைந்துகொண்டே போகிறது. நவம்பர் 8 அளவில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு எழுந்து பிற்பகல் இரண்டேகாலுக்குள் மறைந்துவிடும்; மாலை ஐந்து மணிக்கு நல்ல இருட்டு. நவம்பர் 27 அளவிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதே இல்லை. ஆனால் அந்த மேலதிக இருட்டால் பெரிய ஆதாயம் கிடையாது. துருவ ஒளி அதிகம் ஆடுவது மாலை ஆறு மணிக்கும் பின்னிரவு ஒரு மணிக்கும் இடையில். அந்த நேரம் ஒக்டோபரிலும் பெரும்பாலும் இருட்டுத்தான். அதோடு, பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர், மார்ச் மாதங்களை ஒட்டிப் பூமியின் காந்தப்புலமும் சூரியக்காற்றின் (சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின்) காந்தப்புலமும் எளிதில் இணைவதால் காந்தப்புயல்கள் கூடுதலாக வருகின்றன. டிசம்பரில் அந்த வசதி குறைவு.

இனி முகிலுக்கு வருவோம். துருவ ஒளி தோன்றுவது தரையிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேலே. மழைமுகில்கள் பத்துக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். மேலே எவ்வளவு பெரிய கூத்து நடந்தாலும், கீழே முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் இளஞ்சூட்டு நீரோட்டம் இந்தக் கரையோரத்தை உறையவிடுவதில்லை. அங்கிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் முட்டி மேலெழுந்து முகிலாகிறது. ட்ரொம்சோவில் மழை அதிகம் பெய்யும் மாதமே ஒக்டோபர்தான். இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. ஆனால் ஈ 8 நெடுஞ்சாலையில் 120 கிலோமீற்றர் அளவு உள்ளே போனால் ஷிபோட்ன் என்ற ஊர் வரும். லிங்கென் மலைத்தொடர் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் அது மழைமறைவுப் பிரதேசம். ட்ரொம்சோவில் தூறிக்கொண்டிருக்கும் இரவில் அங்கே நட்சத்திரம் தெரிவது சாதாரணம். இன்னும் கொஞ்சம் போனால் பின்லாந்தின் கில்பிஸ்யார்வி என்ற ஊர். எல்லை தாண்டுவதால் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். கைப்பேசி மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்னால் பாய்ந்தால் குழம்பவேண்டாம்.

ஆகவே விடுதியை மட்டும் பதிவுசெய்துவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பது வீண். நோர்வே வானிலை நிறுவனத்தின் யர் செயலியில் முகில் வரைபடத்தை மணித்தியால வாரியாகப் பாருங்கள். தாழ்ந்த முகிலும் நடுமுகிலும் இல்லாத இடமே இலக்கு. உயரத்து மெல்லிய முகில் அவ்வளவு தடையில்லை. குறைந்தது நான்கு இரவுகளாவது ஒதுக்குங்கள். ஒரே இரவை நம்பி வருவது சூதாட்டம்.

பலர் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குழம்பியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை காட்டும் கேபி என்ற எண்ணை மட்டுமே பார்த்து, "இன்று இரண்டுதான், படுத்துவிடலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். தெற்கே ஒஸ்லோவில் இருப்பவருக்குத்தான் பெரிய எண் வேண்டும். காந்தத் துருவத்தைச் சுற்றி ஒளி அடிக்கடி தோன்றும் துருவ ஒளி வளையத்துக்கு நேர் கீழே ட்ரொம்சோ இருப்பதால் கேபி ஒன்று, இரண்டே போதும். அதைவிட, சூரியக்காற்றின் காந்தப்புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்று காட்டும் பிஇசட் அளவைக் கவனியுங்கள்: அது எதிர்மறையாக, அதாவது தெற்கு நோக்கிச் சரிந்து அப்படியே நின்றால் ஒளி வரும். இந்த அளவை எடுக்கும் செய்மதிகள் சூரியன் பக்கமாகப் பதினைந்து இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கின்றன. அங்கே பதிவானது இங்கே எட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வர அது போதும்.

இன்னொரு ஏமாற்றம் படங்களால் வருகிறது. மங்கலான துருவ ஒளி கண்ணுக்குப் பச்சையாகத் தெரியாது. குறைந்த வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது. வடவானில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை கிடக்கும், முகில் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள். அதற்கூடாக நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பேசியின் இரவுப் பயன்முறையில் மூன்று விநாடி படமெடுத்துப் பாருங்கள். பச்சை விழுந்தால் அது துருவ ஒளியேதான். அந்தப் பட்டை ஒரு மணி நேரம்கூட அசையாமல் கிடந்துவிட்டு, திடீரென்று உடைந்து வானம் முழுக்க ஓடும். அப்போது பச்சை கண்ணுக்கே தெரியும், கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பும் வரும். பத்து நிமிடத்தில் அடங்கியும் விடலாம். "இவ்வளவுதானா" என்று வாகனத்துக்குள் ஏறியவர்கள் தவறவிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். ஒருவர் கைப்பேசி வெளிச்சத்தைத் திருப்பினால் பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

கமரா வைத்திருப்பவர்கள் வில்லையின் முன்னால் போட்டிருக்கும் பாதுகாப்பு வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். துருவ ஒளியின் பச்சை 557.7 நனோமீற்றர் என்ற ஒரே அலைநீளத்தில் வருவதால், வடிகட்டி இருந்தால் படத்தின் நடுவே வட்டவட்டமாக வளையங்கள் விழும். அவற்றை நீக்குவது பெரும்பாடு. எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்த துவாரம், ஐஎஸ்ஓ 1600, ஐந்து விநாடி என்று தொடங்கி, ஒளி வேகமாக ஆடினால் நேரத்தை இரண்டு விநாடிக்குக் குறையுங்கள். குவியத்தை முடிவிலிக் குறியில் வைத்தால் சரிவராது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி அது புள்ளியாகும்வரை கையால் சரிசெய்யவேண்டும். மேலதிக பற்றரி உடம்போடு ஒட்டிய உட்பையில் இருக்கட்டும். திரும்பும்போது, சூடான அறைக்குள் நுழையுமுன் வெளியில் வைத்தே கமராவைக் காற்றுப்புகாத பைக்குள் போட்டு மூடி, சில மணி நேரம் திறக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் வில்லைக்குள்ளும் ஈரம் படியும்.

தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் இதற்கு நல்ல நாட்காட்டிகள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் வானம் முழு இருட்டு. மங்கலான ஒளியும் தெரியும். 2026 இல் தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு. அந்த மாதம் 24 ஆம் திகதிப் பூரணைச் சந்திரன் ட்ரொம்சோவில் மறையவே மறையாது, அடிவானுக்கு மேலேயே சுற்றிவரும். மங்கல் ஒளியை அது விழுங்கிவிடும். ஆனால் பலமான ஒளி வந்தால், பனி மூடிய மலைகளும் சேர்ந்து தெரிவதால் படத்துக்கு அதைவிட நல்ல இரவு இல்லை. கார்த்திகை மீன்கூட்டமும் இங்கே மறைவதில்லை. யாழ்ப்பாணத்தில் பத்துப் பாகை அளவிலேயே கிடக்கும் துருவ நட்சத்திரம் இங்கே ஏறத்தாழ எழுபது பாகை உயரத்தில் நிற்கும். அகத்திய நட்சத்திரம் மட்டும் எழுவதே இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

நிலத்தில் ஆபத்து குளிரைவிட வழுக்கலில்தான். நவம்பர் தொடக்கத்தில் உறைந்த தெருவில் மழை பெய்தால் கண்ணாடிபோல ஆகிவிடும். சப்பாத்தில் மாட்டும் ஆணிப்பட்டை கடைகளில் கிடைக்கும். முதல் நாளே வாங்கிவிடுங்கள். பருத்தி உள்ளாடை வேர்வையை வைத்திருந்து குளிரூட்டும், கம்பளி வேண்டும். சப்பாத்து ஓரளவு பெரிதாக இருக்கட்டும். இறுகினால் விரல் விறைக்கும். வடமாகாணங்களில் ஆணி டயர் ஒக்டோபர் 16 இலிருந்து அனுமதிக்கப்படுகிறது, ஆனாலும் உறைபனியில் ஓட்டிப் பழகாதவர்கள் வாடகைக் கார் எடுக்கவேண்டாம். வழிகாட்டியோடு போகும் சிறு பேருந்து போதும். ஓட்டுகிறவர்கள் ஒளியைக் கண்டதும் தெருவிலேயே நிறுத்துவது மிகப் பெரிய தவறு. பின்னால் வரும் பாரவூர்தியால் பனியில் நிற்க முடியாது.

விடுமுறை விடயத்திலும் இலையுதிர்காலமே வசதி. பெந்தகொஸ்தே திங்களுக்குப் பிறகு நத்தார்வரை நோர்வேயில் பொது விடுமுறையே இல்லை. ஞாயிறுகளில் மட்டும் பெரிய கடைகள் பூட்டு. 2026 தீபாவளிக்கு வருகிறவர்கள் சமையல் சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கவேண்டும். டிசம்பர் 24 பிற்பகலிலிருந்து 26 வரையோ ஊரே அடங்கிவிடும், பேருந்தும் குறைவு. நவம்பர் முதல் ஞாயிறு இறந்தோர் நினைவு நாள். மாலையில் கல்லறைகளெங்கும் மெழுகுதிரி எரியும். பார்க்கலாம், ஆனால் துக்கத்தோடு நிற்பவர்களைப் படமெடுக்கக்கூடாது.

வடநோர்வேயின் இன்னொரு நகரமான ஆல்ட்டாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். துருவ ஒளியை ஆராய நோர்வே விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட் 1899 இல் அமைத்த ஆய்வகம் ஹால்டே மலையில், 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் நடந்தே ஏறலாம். டிசம்பரில் பனியும் இருட்டும் சாதாரணப் பயணிகளை விடாது.

அடுத்த தீபாவளிச் சிறப்பிதழில் இந்த விவரங்களையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ட்ரொம்சோ, நோர்வே