நயம் கேட்கும் வினாக்கள் குறித்து வடமாகாணத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடமாகாணப் பாடசாலைகளில் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், தவணைப் பரீட்சைகளுக்கு வினாத்தாளும் புள்ளித்திட்டமும் ஆக்குவோருக்கும் வணக்கம்.

உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களுடைய விடைத்தாள்களில் 'இக்கவிதையில் உவமை, உருவகம், எதுகை, மோனை ஆகியன சிறப்புறக் கையாளப்பட்டுள்ளன' என்ற வாக்கியம் ஓயாமல் வருகிறது. எந்தக் கவிதைக்கும் அதை எழுதலாம். சொல்நயம், பொருள்நயம், ஓசைநயம், கற்பனைநயம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் அடியை எடுத்துக்காட்டினால் புள்ளி கிடைத்துவிடுகிறது. ஆகவே கையேடுகளும் ரியூசன் குறிப்புகளும் அதையே பயிற்றுகின்றன. இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல இடமில்லை, கேட்கப்படும் வினாவுக்குத்தான் அவர்கள் ஆயத்தமாகிறார்கள். அந்த வினாவை மாற்றித் தாருங்கள் என்று கேட்பதற்கே இம்மடல்.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். பாண்டியனின் பாத்திரப் பண்பை விளக்குமாறு கேட்டால், 'ஆராயாது தீர்ப்பளித்தவன், மானமுள்ளவன், நீதிக்காக உயிர்விட்டவன்' என்று மூன்று பண்புகள் வந்து விழும். மூன்றும் சரியே. ஆனால் 'தீர விசாரிக்காதவன் எப்படி நீதிக்காக உயிரை விட்டான்' என்று அவற்றை இணைத்துக் கேட்டால் பிள்ளைக்கு விடை தெரிவதில்லை. விடை காதையின் உள்ளேயே கிடக்கிறது. 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' (என் சிலம்பின் பரல் மாணிக்கம்) என்று கண்ணகி சொன்னதும், மன்னன் சினக்கவில்லை. 'தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' (எம் சிலம்பின் பரல் முத்து) என்று தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய சான்றைத் தானே எடுத்து வைக்கிறான். கோவலனைப் பற்றிப் பொற்கொல்லன் சொன்னபோது, ஊடிச் சென்ற தேவியைத் தேடிப் போய்க்கொண்டிருந்த அவனிடம் இந்த நிதானம் இருக்கவில்லை. அவையில், அரியணையில் இருக்கும்போது அது திரும்பி வந்துவிடுகிறது. கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி இந்த மனிதன் நமக்கு விளங்கமாட்டான்.

சிலம்பு உடைகிறது. 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்கிறார் இளங்கோவடிகள். காதையின் உச்சமான இந்த அடியில் உவமை இல்லை, உருவகமும் இல்லை. அணி தேடும் மாணவர் இதைக் கடந்து போய்விடுவார். 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று ஆணையிட்டதும் இதே வாய்தான் என்பதை நினைவிற் கொண்டவருக்கோ, மாணிக்கப் பரல் போய்ப் பட்ட இடமே தீர்ப்பு என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. சற்று முன்னர்தான் கண்ணகி அவனைக் 'கொற்கை வேந்தே' என்று விளித்திருக்கிறாள். கொற்கையோ முத்துக்குளிப்புக்குப் பேர்போன துறை. முத்தின் நாட்டு அரசனுடைய சிலம்பில் முத்து இருப்பது இயல்பு, ஆகவே உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறிக்கும்போது அது அவனுடையதன்று என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இவ்வளவையும் ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். அதற்கு 'அந்த மணி ஏன் வாயில் தெறித்தது' என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

குறுந்தொகையின் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' பாடலுக்கும் இதே கதிதான். செம்மண்ணில் பெய்த மழைநீரான 'செம்புலப் பெயல்நீர்', 'சிறந்த உவமை' என்ற அளவில் நின்றுவிடுகிறோம். என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவு, நானும் நீயும் எவ்வாறு அறிந்தோம் என்ற மூன்று கேள்விகளுக்குப் பின் அந்த மழை பெய்கிறது என்பதையும், குலமும் உறவுமுறையும் தராத ஒன்றை மழை தருகிறது என்பதையும் யாரும் எழுதுவதில்லை. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் மாரிமழை விழுந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த நீரையும் நிறத்தையும் இனிப் பிரிக்க முடியாது என்பதை நாம் விளக்கத் தேவையே இல்லை.

நம் மண்ணின் கவிதைக்கு வருகிறேன். அளவெட்டி தந்த, 'மஹாகவி' என்ற புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தியின் 'தேரும் திங்களும்', மனிதன் நிலவில் கால்வைத்த 1969ஆம் ஆண்டை நினைவூட்டும் கவிதை. அதற்கு முந்திய ஆண்டில்தான் மாவிட்டபுரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினரையும் கோயிலுக்குள் விடக் கோரிய ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கருப்பொருள் 'சாதிக்கொடுமை' என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். தேரின் வடம் பிடிக்க வந்தவனைத் தோளும் கையும் கண்ணின் ஒளியும் உடையவனாக, ஒரு தாய் பெற்ற மகனாக மட்டுமே கவிஞர் காட்டுகிறார்; அவனுடைய சாதி என்னவென்று அவர் வாயிலிருந்து வருவதே இல்லை. அவனைத் தடுப்பவர்கள் ஓராள், மற்றோராள், இன்னோராள் என்று முகமற்றவர்களாக வருகிறார்கள். 'நில்', 'கொல்', 'கொளுத்து' என்ற ஒற்றைச் சொற்களே அவர்களுடைய பேச்சு. அவனுக்கு உடலைக் கொடுத்து, கூட்டத்துக்கு வெறும் குரலைக் கொடுத்ததும் பாத்திர வார்ப்புத்தான். 'ஊரெல்லாம் கூடி ஒரு தேர் இழுக்கிறதே' என்ற தொடக்கத்தில் இருக்கும் ஊரில் அவனுக்கு இடமில்லை என்பது கவிதை நகர நகரத்தான் தெரியவருகிறது. இதை வகுப்பில் உரக்க வாசித்தாலே ஓசை எதற்கு என்பது விளங்கும், தனித் தலைப்பு வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். நயம் கேட்கும் வினாவில் பாடலடிகளைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். மனனம் ஒரு தனித்திறன், அதைச் சோதிக்க வேறு வினா இருக்கட்டும். 'இப்பாடலில் உள்ள அணிகளைக் குறிப்பிடுக' என்ற வினாவுக்குப் பதிலாக, ஓர் அணியையோ ஒரு நிகழ்வையோ நீங்களே சுட்டி, அது அந்த இடத்தில் என்ன செய்கிறது, அது இல்லாவிட்டால் எது குறையும் என்று கேளுங்கள். புள்ளித்திட்டத்தில் எதிர்பார்க்கும் விடைகளை நிரல்படுத்துவதோடு நின்றுவிடாமல், பாடலடியைச் சான்றாகக் காட்டி நிறுவப்படும் எந்தக் கருத்துக்கும் முழுப்புள்ளி உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமையால்தான் சொந்தமாக யோசித்த பிள்ளை புள்ளியை இழக்கிறது, கையேட்டை ஒப்புவித்த பிள்ளை அதைப் பெறுகிறது.

திருத்தும் வேலை கூடும் என்பதை அறிவேன். நாற்பது விடைத்தாள்களில் நாற்பது விதமான விடைகளைப் படிப்பது, ஒரே விடையை நாற்பது முறை படிப்பதைவிடக் கடினம். இவ்வகையில் ஆக்கிய மாதிரி வினாக்கள் என்னிடம் உள்ளன. அடுத்த தவணைத் தாளில் ஒரேயொரு வினாவையாவது இப்படி அமைத்துப் பார்க்க விரும்பும் ஆசிரியர் எவருக்கும் அவற்றைத் தருவேன், விடைத்தாள்களைத் திருத்துவதற்கும் கூட இருப்பேன்.

இப்படிக்கு,
தமிழ் கற்பிக்கும் ஒருவர்,
யாழ்ப்பாணம்.